பதினொன்றரை மணிச் சுற்று

அந்த விளையாட்டை முதலில் யோசித்தவர் என் கணவர்தான். கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் அவர் குவைத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதற்கு முந்தின நாள் புதுக்கோட்டையில் பெட்டியும் சில துணிகளும் வாங்கிவிட்டு ஆலங்குடி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஜவுளிக்கடைப் பில்லின் பின்பக்கத்தில் நான் புள்ளி வைத்தேன். கோடு இழுத்துக் கட்டம் பிடிக்கிற ஆட்டம். ஊர் வந்து சேர்வதற்குள் மூன்று முறை ஜெயித்துவிட்டேன்.

"இதையே போன்ல ஆடுற மாதிரி செஞ்சிட்டா, நான் அங்கிட்டு இருந்தும் ஆடலாம்ல?" என்றார்.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தபடி அதே வேலையை ஒப்பந்தத்தில் செய்தேன். ஆறே மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஆலங்குடிக்கு வெளியே தென்னந்தோப்பை ஒட்டிய வீட்டில் நானும் மாமியாரும் மட்டும் இருந்தோம். பகல் பூராவும் என்னிடம் மிச்சமிருந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, கட்டம் போட்ட நோட்டில் வரைய ஆரம்பித்தேன்.

"என்னத்தா, பொழுதன்னைக்கும் கட்டங்கட்டமா போட்டுக்கிட்டு இருக்க?" என்று மாமியார் கேட்பார்.

"உங்க மகனுக்குத்தான் அத்தை, வெளாட்டு செய்யிறேன்."

"அவென் என்ன சின்னப் புள்ளையா?" என்பார். ஆனால் முகத்தில் சிரிப்பிருக்கும்.

ஆட்டம் சிக்கலானதில்லை. பதினைந்துக்குப் பதினைந்து கட்டங்கள். ஆறு பேர், ஆளுக்கொரு நிறம், ஓரத்தில் ஆளுக்கொரு வீட்டுக் கட்டம். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் நிலத்தை ஒட்டிய கட்டங்களில் மூன்றைப் பிடிக்கலாம். அடுத்தவர் கட்டத்தைப் பிடிக்க வேண்டுமானால் மூன்று வாய்ப்பையும் அதிலேயே செலவழிக்க வேண்டும். ஒரே கட்டத்தை இரண்டு பேர் கேட்டால், முதலில் தொட்டவருக்கு. இரண்டு நாள் ஆட வராதவருடைய நிலம் ஓரத்திலிருந்து தரிசாகத் தொடங்கும், நிறம் வெளுக்கும், தரிசை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து நாள் முடிவில் யாரிடம் அதிகக் கட்டம் இருக்கிறதோ அவரே ஜெயித்தவர்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடியதால், இங்கே காலை ஐந்தரைக்கும் பதினொன்றரைக்கும், அதேபோல் மாலையும் இரவும் சுற்று திறக்கும். குவைத்தில் அது மூன்று மணி, ஒன்பது மணி. வேலைக்கும் தூக்கத்துக்கும் நடுவே யாருக்கும் இரண்டு சுற்றாவது கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதலில் ஆடியவர்கள் நான், கணவர், அவருடைய அறையில் இருந்த இரண்டு பேர், இலுப்பூரில் செல்போன் கடை வைத்திருக்கும் என் கொழுந்தன், கோயம்புத்தூரில் இருக்கும் என் கல்லூரித் தோழி. இரண்டாவது ஆட்டத்திலேயே கோளாறு தெரிந்தது. இந்தியாவில் இருக்கும் மூன்று பேரும் மேலே இருந்தோம், குவைத்தில் இருக்கும் மூன்று பேரும் கீழே கிடந்தார்கள். என் கணவர் ஏசி மெக்கானிக். விடியற்காலை நாலரைக்கு, தொழிலாளர்கள் தங்கும் கேம்பிலிருந்து பஸ் ஏறினால் திரும்பிவர மாலை ஐந்தாகும். வேலை நடக்கும் சைட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனவே பதினொன்றரை மணிச் சுற்று வேலை நாளில் அவர்களுக்குக் கிடையாது. மாலைச் சுற்றுக்கும் இரண்டு மணி நேரம் பிந்தி வந்தார்கள். அதற்குள் நல்ல கட்டங்களைக் கொழுந்தன் கடையில் உட்கார்ந்தபடியே வளைத்திருப்பார்.

அறைத் தோழர்கள் இருவரும் மூன்றாவது ஆட்டத்துக்கு வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக என் பழைய அலுவலகத் தோழிகள் இருவரைச் சேர்த்தேன். அவர் மட்டும் விடவில்லை. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்தாலும் தினமும் ஆடினார்.

பின்தங்கியவர் எழுந்து வர ஒரு வழி வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முன்னால் இருப்பவருக்கு எல்லை நீளம். எல்லை நீளமென்றால் பிடிக்கக் கூடிய கட்டங்கள் அதிகம். நாலாவது நாளில் முந்தியவர்தான் பதினைந்தாவது நாளிலும் முந்தியிருப்பார். மீதி பதினோரு நாளும் மற்றவர்கள் சும்மா தோற்றுக்கொண்டிருக்க வேண்டும். கடைசி இரண்டு இடங்களில் இருப்பவர்களுக்குச் சுற்றுக்கு ஒரு கட்டம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று அவரிடம் போனில் சொன்னேன்.

"எரக்கப்பட்டுக் குடுத்தா அது ஆட்டமாம்மா?" என்றார்.

"எரக்கமெல்லாம் இல்லைங்க. இப்படியே விட்டா யாரும் ஆட மாட்டாங்க."

"நான் ஆடுறேன்ல?"

"நீங்க ஒருத்தர் ஆடினாப் போதுமா?"

"சரி, போடு. ஆனா எனக்காகப் போட்டேன்னு தம்பிக்கிட்ட சொல்லிராத" என்றார்.

அந்த விதியைப் போட்டது சித்திரைக் கடைசியில். ஆனியில் நடந்த ஆட்டத்தில் அவருடைய பச்சை நிறம் மேலே ஏறத் தொடங்கியது. முதல் வாரம் மூன்றாமிடம். இரண்டாவது வாரம் கொழுந்தனின் சிவப்பை மூலையில் தள்ளி வளைத்துவிட்டார். அதற்கடுத்த ஆட்டத்திலும் அவரே ஜெயித்தார். நான் எப்படிச் சந்தோஷப்பட்டேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நோட்டில் பெரிய எழுத்தில், 'விதி வேலை செய்கிறது' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். கோயம்புத்தூர் தோழிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து மாதம் முட்டிமோதிய ஒரு கணக்கு விடை கொடுத்துவிட்டது என்று அன்றைக்குக் கேசரி கிண்டினேன். மாமியார் எதற்கென்று கேட்கவில்லை; இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் இலுப்பூரிலிருந்து வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிய உடனே போனை எடுத்தார்.

"அண்ணி, ஒங்க ஆட்டத்துல ஓட்டை இருக்கு."

"என்ன தம்பி?"

"பதினொன்ற சுத்து தொறக்கும்போது நான் கடையில போனைக் கையில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன். தொறந்த ஒடனே தொடுறேன். எனக்கு முன்னால அண்ணன் எடுத்துட்டாருன்னு காட்டுது. தெனமும். அந்நேரம் அவரு சைட்டுல இருப்பாரு. போனே கையில இருக்காதே, எப்புடி?"

"நேரம் ஏதாவது தப்பா பதிவாகும் தம்பி. பாக்குறேன்."

"பாருங்க. நான் நேர்மையா ஆடித் தோத்துட்டு இருக்கேன்" என்று சிரித்தார். மாமியாரும் சிரித்தார்.

மறுநாள் மாடிக்குப் போய்ப் பதிவுகளைத் திறந்தேன். யார் எந்த விநாடியில் எந்தக் கட்டத்தைத் தொட்டார்கள் என்பது அவ்வளவும் அதில் இருக்கும். கொழுந்தன் சொன்னது சரி. போன வாரம் திங்கள், பதினொன்று முப்பது தாண்டி மூன்றாவது விநாடி. செவ்வாய், ஐந்தாவது விநாடி. புதன், இரண்டாவது விநாடி.

தப்பு என்னுடையதுதான் என்று நினைத்தேன். குவைத் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம். எங்கோ கூட்ட வேண்டியதைக் கழித்திருப்பேன். அன்று முழுக்கத் தேடினேன். போலிக் கணக்குகள் உருவாக்கி, நேரத்தை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. செவ்வாய்க்கிழமையும் தேடினேன். டெஸ்டிங் வேலையில் இருந்தபோது ஒரு தப்புக் கிடைத்தால் எனக்குள் ஒரு உற்சாகம் வரும். அந்த இரண்டு நாளும் தப்புக் கிடைக்க வேண்டுமே என்று கிட்டத்தட்ட வேண்டிக்கொண்டேன். கிடைக்கவில்லை. நான் எழுதிய எதிலும் தப்பில்லை.

பிறகு அவருடைய பதிவுகளை மட்டும் தனியாகப் பிரித்து முதலிலிருந்து படித்தேன். தையிலிருந்து வைகாசிக் கடைசி வரை, அங்கே விடுமுறையான வெள்ளிக்கிழமைகளைத் தவிர, பதினொன்றரைச் சுற்றில் ஒரு தொடுதல்கூட இல்லை. அதன்பின் ஒரு திங்கட்கிழமையிலிருந்து ஒரு நாள் தவறாமல் இருந்தது. சுற்றுகளுக்கு நடுவிலும் பதிவுகள் இருந்தன. குவைத் நேரப்படி ஏழு மணிக்குத் திறந்திருக்கிறார், மூடியிருக்கிறார். ஏழே காலுக்குத் திறந்திருக்கிறார். எட்டுக்கு, எட்டரைக்கு, எட்டே முக்காலுக்கு. சுற்று திறக்காத நேரத்தில் ஆட ஒன்றுமே கிடையாது; பார்க்க மட்டும்தான் முடியும். ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்.

என் விதி வேலை செய்யவில்லை. அவருக்கு வேலை போயிருக்கிறது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் ஏழரைக்குக் கூப்பிட்டார். நான் கேட்டுவிடுவேன் என்றுதான் போனை எடுத்தேன்.

"வேலையெல்லாம் எப்படிங்க போவுது?"

"போவுது. இன்னிக்கு மேல் மாடியில ஒரு லீக்கு. ஏறி எறங்கியே முட்டி போச்சு. எங்க மேஸ்திரி வேற கத்திக்கிட்டே இருக்கான்."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். சோறும் பருப்பும்."

லீக் எங்கே இருந்தது, எப்படி அடைத்தார்கள், யார் ஸ்பேனரைக் கீழே போட்டார்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். இதற்கு முன் வேலையைப் பற்றி அவ்வளவு விவரமாக அவர் பேசியதே இல்லை. நான் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பணம் வருவது நின்றிருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். கையிருப்பிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

போனை வைத்ததும் மாமியார், "என்னவாம்?" என்றார்.

"வேலை ஜாஸ்தியாம் அத்தை."

சொன்ன பிறகுதான் நானும் அந்தப் பொய்யில் சேர்ந்துவிட்டேன் என்பது உறைத்தது.

ஏன் நேராகக் கேட்கவில்லை என்றால், கேட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. சேர்ந்து இருந்தது மூன்றே வாரம், அப்புறம் ஒரு விடுமுறை. மற்றதெல்லாம் போன்தான். எதைக் கேட்டால் உடைந்துபோவார், எதைக் கேட்காவிட்டால் உடைந்துபோவார் என்று தெரியுமளவுக்கு எனக்கு அவரோடு பழக்கமில்லை. கொழுந்தன் வேறு அடுத்த ஞாயிறு வந்து, "கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்பார். அண்ணனுக்கு அந்நேரம் கையில் போன் இருக்கிறது என்று அவருக்கும் எத்தனை நாளில் உறைக்கும்?

என் கையில் இருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான். அதில் நான் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பகல் சுற்றுகளை எடுத்துவிட்டேன். இனி விடியற்காலை ஒன்று, ராத்திரி ஒன்று, இரண்டே சுற்று. அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால் எந்நேரம் ஆடுவாரோ அந்நேரம். அவருடைய பொய்க்கு ஆட்டமும் பொருந்திவிடும் என்று நினைத்தேன்.

கொழுந்தன் உடனே கூப்பிட்டார். "என்ன அண்ணி, ரெண்டே சுத்தா ஆக்கிட்டீங்க? கடையில எனக்குப் பொழுதே போகல."

"சர்வர் தாங்கல தம்பி. கொஞ்ச நாளைக்குத்தான்."

கணவரிடமிருந்து ஆட்டத்துக்குள்ளேயே ஒரு செய்தி வந்திருந்தது. 'பகல் சுத்து எங்க?' சிறிது நேரம் கழித்து இன்னொன்று. 'ஏன் எடுத்த?'

மூன்று பதில்கள் எழுதி அழித்தேன். கடைசியில், 'உங்களுக்கு வேலை நேரம்ல, அதான்' என்று அனுப்பினேன். அவர் படித்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை.

அன்றைக்கு அவர் ஆடவில்லை. மறுநாளும் ஆடவில்லை. சாயங்காலம் போன் மட்டும் வந்தது. "நல்லா இருக்கேன், ஆத்தா எப்புடி இருக்கு, சரி வச்சிரவா" என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. லீக்கும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. அவருக்கு மறைப்புக் கட்டித் தருகிறேன் என்று நினைத்து, பகலில் அவருக்கென்று இருந்த ஒரே ஒரு காரியத்தையும் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றே நாலு சுற்றையும் பழையபடி திறந்துவிட்டேன். அவர் வரவில்லை.

மூன்றாம் நாள் பச்சை ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. நான் எழுதிய விதிதான். எழுதியபோது, வராதவர் நிலம் வீணாகக் கிடக்கக் கூடாது என்று நியாயமாகத்தான் பட்டது. கொழுந்தன் ஒரு பக்கம், என் அலுவலகத் தோழி ஒரு பக்கம் அள்ளிக்கொண்டு போனார்கள். "அண்ணன் தூங்கிட்டாரு போல" என்று கொழுந்தன் குழுவில் சிரிக்கும் பொம்மை போட்டார். ஒரு வரியை மாற்றினால் நிறுத்திவிடலாம். கோப்பைத் திறந்தேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று எல்லோரும் கேட்பார்கள், அவரும் பார்ப்பார். கோப்பை மூடினேன். ஆறாம் நாள் பச்சையில் வீட்டுக் கட்டமும் அதைச் சுற்றி நான்கைந்தும்தான் பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமில்லாத நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"ஒனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும்."

"எப்புடி?"

"பதினொன்றரைக்குக் கட்டம் எடுத்தீங்க."

"அது எனக்குத் தோணவே இல்லை" என்றார். சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது.

பிறகு சொன்னார். சைட் வேலை முடிந்துவிட்டது. பாதிப் பேரை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். இவரையும் இன்னும் சிலரையும் கேம்பிலேயே விட்டுவிட்டார்கள். வேறு கம்பெனியில் சேர இந்தக் கம்பெனி ரிலீஸ் பேப்பர் கொடுக்க வேண்டும். ஊருக்கு வரவும் கம்பெனிக்காரர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்போர்ட்டும் அவர்களிடமே. ஆபீசில் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். அப்படி எத்தனையோ அடுத்த வாரம் போய்விட்டது.

"நாலரைக்கு எல்லாரும் பஸ் ஏறிப் போயிருவாங்க. ரூம்ல நான் மட்டும்தான். அந்த ஒம்பது மணிக்குத்தான் எந்திரிச்சு மொகம் கழுவத் தோணும். மூணு கட்டம் எடுக்கணும்ல" என்றார்.

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "திரும்ப வாங்களேன். சுத்தெல்லாம் தெறந்துதான் வச்சிருக்கேன்" என்றேன்.

"பாக்குறேன். ஆத்தாகிட்ட சொல்லிராத."

அடுத்த திங்கட்கிழமை, லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். வாசலில் மனு எழுதித் தருபவர்களில் ஒரு அம்மாவிடம் உட்கார்ந்து விவரம் சொன்னேன். அவருக்கு இது பழகியிருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் பாதி எழுதிவிட்டார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், என் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கும் வெளிநாடா?" என்றார். அவருடைய தம்பி மலேசியாவில் இருந்தாராம். "நான் வர்றது இது அஞ்சாவது தடவை" என்றார். என்னைத் தைரியப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

உள்ளே இருந்த அதிகாரி மனுவை முழுதாகப் படித்தார். தன்மையாகத்தான் பேசினார். "அனுப்பி வைக்கிறோம்மா. இங்கேருந்து சென்னை, அங்கேருந்து டெல்லி, அப்புறம் எம்பசி. டைம் ஆகும். நம்ம கையில இல்லாதது" என்றார். ரசீது கொடுத்தார்கள். அதை நான்காக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். ஒரு எண்ணும் ஒரு முத்திரையும் தவிர அதில் படிக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் அடுப்படியில் இருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"லேப்டாப்பு ரிப்பேராயிருச்சா?"

"குடுத்திருக்கேன் அத்தை."

"அது மாடியிலதானத்தா இருக்கு. கடலை காயப்போட ஏறினேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லக் கூடாது என்று கணவர் கேட்டிருந்தார். ஆனால் வேறு பொய் எனக்கு வரவில்லை. வைகாசிக் கடைசியிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். மாமியார் அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சாப்புடுறானா?" என்றார்.

"கேம்ப்ல சோறு போடுறாங்களாம்."

"போன் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரை அமுக்கச் சொன்னார். அவர் எடுத்து, "சொல்லும்மா" என்றார், நான் என்று நினைத்து.

"நாந்தான்யா" என்றார் மாமியார். "எல்லாம் கேட்டேன். வந்துரு சாமி. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ வந்துரு."

வருவதற்கு வழியில்லை என்பதை அவர் அம்மாவுக்கு எப்படிச் சொல்வார் என்று நான் தரையைப் பார்த்தபடி காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"வாரேன் ஆத்தா" என்றார்.

"எப்ப?"

"வாரேன்."

மாமியார் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் அவர் வைத்துவிட்டார்.

மனு கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டேன், அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள். என் கணவர் இன்னும் அந்தக் கேம்பில்தான் இருக்கிறார். கொழுந்தனுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வாரத்தில் இரண்டு நாள் இங்கே வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். மாமியார் காலையில் எழுந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஏதாச்சும் வந்துச்சா?" இல்லை என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போகிறேன்.